பெல்ட் மூடிக்கு வராத சீட்டு

அமராவதிபுதூர் போகிற வழியில் இருந்த அந்த நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்றாறில். அதற்கென்றே ஒரு ஏசி அறை. மானேஜரே ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அந்த அறையில் உட்காரும் யோகம், காரைக்குடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த பவுலினுக்கு அடித்தது.

முன்பெல்லாம் மிஷினில் ஏதாவது கோளாறு என்றால் வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், பிட்டர் மருது ஸ்பேனரோடு வந்துவிடுவார். கம்ப்யூட்டர் வந்தபிறகு சத்தத்துக்கு மதிப்பில்லை. கோளாறைப் பவுலின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், காலையில் பிரிண்டர் கரகரவென்று சீட்டு துப்ப வேண்டும், அதன்பிறகுதான் மருது கை வைக்கலாம். வேலை முடிந்து சீட்டு திரும்பியதும் பவுலின் ‘முடிந்தது’ என்று அடிப்பாள். சீட்டில்லாத வேலையைத் தொட்டதற்கு ஒருமுறை மெமோ வாங்கியதிலிருந்து மருது சீட்டைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை.

ஆயுத பூஜைக்காக மிஷின்களையெல்லாம் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த நாளில் இன்ஜினியர் அழகுராஜா ஏசி அறைக்கு அவசரமாக வந்தார். “சாயங்காலம் முதலாளி வாராக. பூஜை போடும்போது ஸ்கிரீன்ல ஒரு பாக்கி தெரியக் கூடாது.”

மருது சீட்டுக் கத்தையை மொத்தமாகப் பவுலினிடம் கொண்டுவந்து கொடுத்தார். “இதுல அஞ்சு வேலை முடியலை தாயி. சாமானெல்லாம் சாமிகிட்ட வச்சாச்சு. பூஜை கழிச்சுத்தான் தொடணும்.”

சந்தனமும் குங்குமமும் வைக்கப்போகிற கம்ப்யூட்டரில் ஐந்து பாக்கியா? பவுலின் யோசிக்கவே இல்லை. ஐந்துக்கும் ‘முடிந்தது’ என்று அடித்தாள். லீவு முடிந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. முதலாளி வந்தார், பார்த்தார், பலே என்றார். அவள் பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

லீவு முடிந்து நினைவிலிருந்து ஏற்றியபோது நாலுதான் வந்தது. ஏழாம் நம்பர் மிஷினில், ஓடுகிற பெல்ட்டில் கை படாமல் மறைக்கிற பெல்ட் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள்; அதைத் திரும்ப மாட்டுகிற வேலை விட்டுப்போனது. மூடி சுவரோரம் சாய்ந்தபடி கிடந்தது. அதற்குச் சீட்டு வரவில்லை. அதனால் யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்த வாரம் ஏழாம் நம்பருக்கு அடியில் கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளிய யோகலட்சுமியின் வலது கை பெல்ட்டில் மாட்டியது. இரண்டு விரல் போய்விட்டது.

அழகுராஜா ஸ்கிரீனைப் பார்த்தார். பெல்ட் மூடி, முடிந்தது, மருது. அன்றைக்கே மருதுவை வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள்.

மருது ஏசி அறை வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றியும் உள்ளே வரவில்லை. “இன்னொரு தரம் பாரு தாயி. முடிஞ்சதுன்னுதான் இருக்கா?”

பவுலின் ஸ்கிரீனைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை. “ஆமாண்ணே” என்றாள்.

“அப்ப நாந்தான். பூஜை அவசரத்துல மாட்டாமலே மாட்டுனதாச் சீட்டைக் குடுத்திருக்கேன். அஞ்சுன்னு சொன்னேனா நாலுன்னு சொன்னேனா, அதுகூட ஞாபகம் இல்லை.” தன் கையையே புரட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு பவுலினுக்குச் சோறு இறங்கவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று மாதா கோயில்வரை போனாள். சாமியார் அதை மருதுவிடம் போய்ச் சொல்ல மாட்டாரே. அந்த வசதிக்காகத்தான் இங்கே வந்திருக்கிறோம் என்று உறைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வரிசையிலிருந்து விலகி, ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

யோகலட்சுமி கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். “மருதண்ணன் வந்தாக,” என்றாள். “எங்க ஆத்தா காலைப் புடிச்சுக்கிட்டு அழுதாக. நான் மூஞ்சிகுடுத்துப் பேசலை. செத்தாலும் பேச மாட்டேன்.”

பவுலின் பாட்டிலைக் கீழே வைத்தாள். “அவுக மேல தப்பில்லக்கா. முடியலைன்னுதான் சொன்னாக. முடிஞ்சதுன்னு அடிச்சது நான். அப்புறம் ஏத்த மறந்ததும் நான்.”

யோகலட்சுமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபப்படுவாள் என்று பவுலின் காத்திருந்தாள். திட்டினால்கூட நன்றாக இருக்கும்போல இருந்தது.

“எந்த விரலால அடிச்ச?”

பவுலின் வலதுகை ஆள்காட்டி விரலை நீட்டினாள். யோகலட்சுமி நல்ல கையால் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். நகத்தில் மருதாணிச் சிவப்பு இன்னும் போகவில்லை. பார்த்துவிட்டு விரலை விட்டாள்.

“எனக்கும் அதான் போச்சு,” என்றாள். “மருதண்ணன் வீட்டுக்குப் போ. அந்த மனுசன் ஒரு வாய் சோறு திங்கலையாம். முதல்ல அங்க சொல்லு. பெறகு மில்லுல சொல்லு. இந்தப் பாட்டிலையும் எடுத்துக்கிட்டுப் போ.”

பவுலின் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். மருது வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். வழி தெரியும், நடந்தாள்.