அத்தைக்கு உயரம், மூட்டைக்கு நீளம்

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஓட்டுநர் உரிமம் மூன்றாவது முறைதான் கிடைத்தது. முதல் இரண்டு முறையும் அவரைத் திருப்பி அனுப்பியவர் ஒரே பரிசோதகர், ஒரு அம்மாள். முதல் தடவை, "கண்ணாடியைப் பார்க்கவில்லை" என்று தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். காலையிலிருந்து மாலை வரை கண்ணாடி விற்றே பிழைக்கிற மனிதருக்கு அது சாதாரண அவமானம் இல்லை. இரண்டாம் தடவை காரணம்கூடச் சொல்லவில்லை. தாளில் சர்ரென்று ஒரு கோடு இழுத்தார், கதவைத் திறந்தார், போயே போய்விட்டார். மூன்றாம் தடவை அந்த அம்மாள் விடுப்பில் இருந்ததால் இவர் பிழைத்தார்.

நாலு வருடம் கழித்து, மூக்குக்கண்ணாடி மாற்ற வந்த ஒரு பல் டாக்டரிடம் மனதைப் பறிகொடுத்தார். விஷயம் கல்யாணம் வரை முற்றிய பிறகுதான் அவள் தன் அம்மாவை அறிமுகம் செய்துவைத்தாள். அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ரிவர்ஸ் இப்ப ஒழுங்கா வருதா?" என்றார்.

அன்றிலிருந்து பத்தொன்பது வருடமாக, அத்தை பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் கண்ணாடிக்காரருக்குக் கை வியர்க்கும். அத்தை குறை எதுவும் சொல்ல மாட்டார். சொன்னாலாவது பதில் சொல்லலாம். "ம்ம்" என்று மட்டும் சொல்வார். வளைவில் ஒரு ம்ம், சிக்னலில் ஒரு ம்ம். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, பழைய காரின் அந்தப் பக்கத்துக் கம்பளமே நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை முடிந்து அத்தை இவர்கள் வீட்டோடு வந்த பிறகு, வாரத்துக்கு நாலு நாள் இதே கதைதான்.

அந்தச் சமயத்தில் பழைய காரின் கியர்பாக்ஸ் உயிரை விட்டது.

புதுக் கார் வாங்குவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் தகராறு. ஒரே கம்பெனியில் இரண்டு வண்டி பிடித்திருந்தது. ஒன்று சின்ன எஸ்யூவி. நீளம் குறைவாக, உயரமாக, உள்ளே தோல் சீட்டும் பளபளப்புமாக இருந்தது. இன்னொன்று எஸ்டேட் கார். தாழ்வாக, நீளமாக, பின்னால் ஒரு சின்ன அறையையே இழுத்துக் கட்டியது போல இருந்தது.

"உயரமா இருந்தா அம்மா முட்டிய மடக்காம ஏறலாம்," என்றாள் பல் டாக்டர்.

"மூட்டை என்ன பண்ணுவான்?" என்றார் கண்ணாடிக்காரர்.

மூட்டை என்பது அவர்கள் வீட்டு நாய். நாற்பத்தெட்டு கிலோ, பத்து வயது, பின்னங்கால் இரண்டும் பலவீனம். எஸ்யூவியின் பின்பக்கத் தளம் மனிதருக்கு இடுப்பு உயரம். எஸ்டேட்டில் முழங்கால் உயரம்தான். கண்ணாடிக்காரர் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஷோரூம் வாசலில் நின்ற இரண்டையும் அளந்து, கண் பரிசோதனைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"நீங்க மூட்டைக்காகப் பேசுறீங்களா, உங்களுக்காகப் பேசுறீங்களா?"

"மூட்டைக்குத்தான் வாய் இல்லையே."

"உங்களுக்கு இருக்கே, அதனாலதான் கேக்குறேன்."

கண்ணாடிக்காரர் அளவு எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாய்மேல் அவருக்குப் பாசம் உண்டுதான். ஆனால் அந்தச் சீட்டில் அவர் இன்னொரு அளவும் எழுதியிருந்தார். அது எஸ்டேட்டின் முன் சீட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரம். அவ்வளவு தாழ்வில் அத்தையால் உட்கார்ந்து எழ முடியாது. வாடகைக் காரில்தான் போக வேண்டிவரும். யாரையும் புண்படுத்தாமல், ஒரு வார்த்தை சொல்லாமல், அவருக்கு விடுதலை கிடைத்துவிடும்.

ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. 'எஸ்டேட்டே வாங்கிடலாம்' என்று படிக்கட்டில் வைத்து அவர் சொன்னதைக் கேட்ட மாடி வீட்டுக்காரர், "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டு, அன்று முதல் கூடுதல் மரியாதையோடு வணக்கம் சொல்லத் தொடங்கினார்.

கடைசியில் அத்தைதான் செய்தித்தாளை மடித்து வைத்தார். "என் முட்டிய வச்சு நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. சனிக்கிழமை காலையில நானும் வர்றேன், மூட்டையும் வரட்டும். ஏறிப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது."

சனிக்கிழமை ஷோரூமில் அவர்களை வரவேற்க வந்த விற்பனையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். சிரித்துக்கொண்டே வந்தவர் அத்தையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், நீங்க லைசன்ஸ் ஆபீஸ்ல..."

"எத்தனை தடவை?" என்றார் அத்தை.

"நாலு, மேடம்."

கண்ணாடிக்காரருக்குத் தொலைந்துபோன தம்பியைக் கண்டது போல இருந்தது. அவர் காதருகே போய், "எனக்கு ரெண்டு," என்றார் மெதுவாக.

"ரெண்டுதானா சார்?" என்று விற்பனையாளர் பொறாமையோடு பார்த்தார்.

முதலில் எஸ்யூவி. அத்தை நாற்காலியில் உட்காருவது போல ஏறி உட்கார்ந்தார், அதே சுளுவில் இறங்கினார். பல் டாக்டர் புருஷனைப் பார்த்த பார்வையில் வெற்றி தெரிந்தது. அடுத்து மூட்டை. பின்கதவு திறந்ததும் அது அந்த உயரத்தைப் பார்த்தது, எஜமானரைப் பார்த்தது, பிறகு ஷோரூமின் பளிங்குத் தரையில் காலை நீட்டிப் படுத்துவிட்டது. சாய்வுப் பலகை கொண்டுவந்து வைத்தார்கள். அதை நக்கிப் பார்த்ததோடு சரி. மூன்று பேர் சேர்ந்து தூக்கியதில் மூட்டை ஒரு அடி உயர்ந்தது. விற்பனையாளரின் டை முழுக்க எச்சில்.

எஸ்டேட்டில் மூட்டை தானாகவே காலை வைத்து ஏறியது. இரண்டு சுற்றுச் சுற்றியது. படுத்ததும் தூங்கிவிட்டது.

அத்தை முன் சீட்டில் உட்கார்ந்தார். உட்காருவது சுலபமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. கதவைப் பிடித்துப் பார்த்தார். காலை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தார். மகள் ஒரு கையையும் விற்பனையாளர் ஒரு கையையும் பிடித்தார்கள்.

"இழுக்காதீங்க. நான் என்ன கெணத்துலயா விழுந்துட்டேன்?" என்று கையை உதறினார்.

கண்ணாடிக்காரர் நினைத்தது நினைத்தபடியே நடந்திருந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. அத்தையின் முகம் சிவந்திருந்தது. விற்பனையாளர் பக்கம் திரும்பாமல், முன்கண்ணாடி வழியாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஊரையே நடுங்க வைத்த மனுஷி. இஞ்ச் டேப் வைத்து அளந்து அவரை இப்படி உட்கார வைத்தது தான்தான் என்று கண்ணாடிக்காரருக்கு உறைத்தது. அளவு எழுதிய அந்தச் சீட்டு இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவர் போய்க் கதவருகே குந்தி உட்கார்ந்தார். "தோளைப் பிடிச்சுக்குங்க அத்தை. நான் எழுந்திருக்கும்போது கூடவே எழுந்திருங்க."

இரண்டாவது முயற்சியில் எழுந்துவிட்டார்கள்.

"உயரமான வண்டியே வாங்கிடலாம்," என்றார் கண்ணாடிக்காரர்.

பல் டாக்டர் அவரை நம்ப முடியாமல் பார்த்தாள்.

"அப்ப மூட்டை?" என்றார் அத்தை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அது வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

விற்பனையாளர் தொண்டையைச் செருமினார். "இந்த வண்டியில டிரைவர் சீட்டுக்கு மட்டும் ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா நல்லா மேல வரும். ஆனா பக்கத்து சீட்டுக்குக் கெடையாது."

அத்தை டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"என் லைசன்ஸ் இன்னும் செல்லும்," என்றார் அத்தை. "கார் ஓட்டலாம்னு டாக்டரும் போன மாசமே சொல்லிட்டார்." சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பட்டனை அமுக்க, சீட்டு மேலே வந்தது. ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். யார் உதவியும் தேவைப்படவில்லை.

ஓட்டிப் பார்க்க நாலு பேரும் மூட்டையும் கிளம்பினார்கள். கூட வர வேண்டும் என்பது கம்பெனி விதி என்பதால் விற்பனையாளர் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

வண்டி ஊர்ந்தது. சைக்கிளில் போன ஒரு பெண்மணி தாண்டிப் போனாள். பக்கத்து சீட்டிலிருந்து கண்ணாடிக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அத்தை பயந்துகொண்டிருந்தார்.

"ஓட்டி எவ்வளவு நாளாச்சு அத்தை?"

"பதினொரு வருஷம். அதுக்கு முன்னாடியும் அதிகமில்ல. முப்பத்தொரு வருஷம் பக்கத்து சீட்லயே உக்காந்துட்டேன், மாப்பிள்ளை. ஓட்டினதெல்லாம் மத்தவங்கதான்."

ரவுண்டானாவில் பின்னாலிருந்து ஒரு வேன் ஹார்ன் அடித்தது. அத்தை சடாரென்று பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். வேன்காரன் விடாமல் அடித்தான்.

"அவன் கெடக்கட்டும்," என்றார் கண்ணாடிக்காரர். "கண்ணாடியப் பாருங்க. இடம் கெடைக்கும்போது போங்க. ஒரு அவசரமும் இல்ல."

அத்தை கண்ணாடியைப் பார்த்தார், மூச்சை இழுத்து விட்டார், வண்டியை எடுத்தார். ரவுண்டானாவைத் தாண்டியதும் சாலை அகலமாகிவிட்டது. விரல்களும் கொஞ்சம் தளர்ந்தன.

"ரெண்டாவது தடவை நீங்க நல்லாத்தான் ஓட்டினீங்க," என்றார் திடீரென்று.

"அப்புறம் ஏன்?"

"அன்னிக்கு எனக்குக் கடைவாய்ப் பல்லு வலி. உயிர் போச்சு. பாஸ் போட்டா நாலு படிவம் எழுதணும். ஃபெயிலுக்கு ஒண்ணுதான்."

இரண்டு வாளிகளை வைத்து நடுவில் ரிவர்ஸ் எடுத்து எடுத்து ஆறு மாதம் பழகியது கண்ணாடிக்காரருக்கு நினைவுக்கு வந்தது. கோபப்பட வேண்டும் என்று உண்மையாகவே முயன்றார். தொண்டை வரை வந்தது சிரிப்பாகப் போய்விட்டது.

"எந்தப் பல்லும்மா?" என்றாள் பல் டாக்டர் பின்னாலிருந்து.

"அது புடுங்கியாச்சு."

விற்பனையாளர் கண்ணைத் திறந்து, ஆசையோடு முன்னால் சாய்ந்தார். "மேடம், அப்ப எனக்கும்..."

"இல்ல. நீங்க நாலு தடவையும் நியாயமாத்தான் ஃபெயில் ஆனீங்க."

கரும்பச்சையில் எஸ்டேட் வாங்கினார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலையில், கடை திறப்பதற்கு முன், அத்தை உடற்பயிற்சி சிகிச்சைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகிறார். பக்கத்தில் கண்ணாடிக்காரர், பின்னால் மூட்டை. கண்ணாடிக்காரருக்கு எழுந்து இறங்குவதில் சிரமமில்லை என்பதால் தாழ்ந்த சீட்டு அவருக்கு ஒத்துப்போய்விட்டது.

மூன்றாவது வாரம் சிகிச்சை நிலையத்தின் வாசல் தூணில் வண்டியின் பின்பக்கம் உரசிவிட்டது. முழ நீளத்துக்குக் கீறல். அத்தை இறங்கி வந்து பார்த்தார். நேராக உள்ளே போய்விட்டார். கண்ணாடிக்காரர் அங்கேயே நின்று மனைவியின் மருத்துவமனைக்கு போன் போட்டார்.

"வண்டிய லேசா உரசிட்டேன்," என்றார். "நான்தான். கவனிக்கல."

மறுமுனையில் பல் ராவுகிற சத்தம் நின்றது.

"அம்மா இப்பத்தான் போன் பண்ணி, தான் இடிச்சதா சொன்னாங்க," என்றாள் அவள். "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு இங்க ஒருத்தர் வாயத் திறந்துக்கிட்டுக் காத்திருக்கார்."