இராமலிங்கத்தின் சிவப்பு ஜெர்சி

1978-இல் சிங்கப்பூர் குழுவுக்காக ஹாக்கி ஆடப் போட்டுக்கொண்ட சிவப்பு ஜெர்சி, பிரிக்பீல்ட்ஸ் இராமலிங்கத்தின் உடம்பை விட்டு அதற்குப் பிறகு கழலவே இல்லை. கிழியவும் இல்லை. அவருக்குத் தொப்பை விழுந்தபோது அதுவும் கூடவே அகலமானது.

அவர் சிங்கப்பூர்க்காரர் அல்லர். தம்பிப்பிள்ளை சாலை ஹாக்கிக் குழுவின் நீல ஜெர்சியில் பல வருடம் முன்வரிசையில் ஆடியவர். சிங்கப்பூரிலிருந்து ஒரு குழு ஆண்டுதோறும் ரயிலேறி வந்து அவர்களோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடிவிட்டுப் போகும். சிங்கப்பூரும் பிரிக்பீல்ட்ஸும் ஒரே நாட்டில் இருந்தபோது தொடங்கிய வழக்கம். நாடு பிரிந்த பிறகும் அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அந்த வருடம் வந்தவர்களில் ஒருவர், கேரி தீவில் சொந்தக்காரர் வீட்டு நண்டுக் குழம்பு ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டார். சிங்கப்பூர் கேப்டன் நாகையா இந்தப் பக்கம் வந்து ஓர் ஆள் கேட்டார். உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இராமலிங்கம் போனார். ஒப்புக்கு ஓடுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஆட்டம் முடியும் நேரத்தில் அவர் அடித்த கோலில் சிங்கப்பூர் ஜெயித்தது.

குழாயடியில் ஜெர்சியைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். வீட்டில் மனைவி சீதாலெட்சுமி வெட்டிப் பார்த்தார், கத்தரிக்கோல்தான் வளைந்தது. மேலே வேறு சட்டை போட்டால் கொஞ்ச நேரத்தில் சிவப்பு மேலே வந்துவிடும். அலுவலகத்தில் முதல் வாரம் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. தங்கை கல்யாணப் படத்திலும் அவர் அப்படியேதான் நிற்கிறார்.

பழகாதவர் நீலக் குழுவின் கேப்டன் வேலாயுதம் மட்டும்தான். "செவப்பு போட்டவன நம்ம சைட்ல எப்படி நிறுத்துறது?" என்று கேட்டு அவரைக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார். இராமலிங்கம் சண்டைக்குப் போகவில்லை. சனிக்கிழமைகளில் பாடாங் திடலுக்குப் போய் வலைக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போட்டார். அன்றிரவு அவருக்குச் சோறு இறங்காது என்பது சீதாலெட்சுமிக்குத் தெரியும்.

நாகையா வருடா வருடம் அவர் வீட்டில்தான் தங்கினார். எல்லாம் தன்னால் வந்தது என்று மனம் நொந்து, எங்களோடாவது ஆடுங்கள் என்று கூப்பிடுவார். இராமலிங்கம் எப்போதும் ஒரே பதிலைச் சொன்னார்.

"அன்னைக்கு உங்களுக்கு ஆளில்ல, வந்தேன். இப்பதான் பதினோரு பேர் இருக்கீங்களே. நான் இந்த ஊர்க்காரன்லா."

1985-இல், கிள்ளானிலிருந்து வரவேண்டிய நீலக் குழு ஆட்டக்காரர் ஒருவர், பஸ் பழுதாகி சுங்கை வேயில் மாட்டிக்கொண்டார். அந்த வருடம் மாற்று ஆளும் இல்லை. தன்னையும் சேர்த்துப் பத்துப் பேரோடு நின்ற வேலாயுதம், வலைக்குப் பின்னால் இருந்த இராமலிங்கத்தைப் பார்த்தார்; பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாகையா அதைக் கவனித்தார். தன் சிவப்பு ஜெர்சியைத் தலைவழியே கழற்றிப் போட்டுவிட்டு, வேலாயுதத்திடம் நீலம் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வலைப்பக்கம் போனார்.

"இப்ப செவப்புல ஒரு ஆள் கொறையுது அண்ணே."

இராமலிங்கம் வலையைச் சுற்றிக்கொண்டு திடலுக்குள் வந்தார். பிறகு மட்டை ஒன்று கேட்டார்.

மூச்சிரைத்தது, முழங்கால் வலித்தது, வாயிலிருந்து சிரிப்பு மட்டும் போகவில்லை. அவர் அடித்த அருமையான பந்து ஒன்றை, கோல் கோட்டில் விழுந்து தடுத்தவர் நாகையா. நீலம் ஜெயித்தது. வேலாயுதம் இரண்டு கிளாஸ் தே தாரிக் வாங்கி வந்து ஒன்றை இராமலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சனிக்கிழம பயிற்சிக்கு வந்துரு. கலர் கெடக்கட்டும்," என்றார்.

குழாயடியில் நாகையாவின் நீல ஜெர்சி கழலவில்லை. இந்த முறை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. அவர் அதோடேயே ரயிலேறினார்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி இராஜம்மா சிங்கப்பூரிலிருந்து டெலிபோன் செய்து, இதை எப்படித் துவைப்பது என்று கேட்டார்.

"போட்டபடியே குளிக்கச் சொல்லுங்கக்கா," என்றார் சீதாலெட்சுமி. "காயறதுக்குக் கொஞ்சம் வெயில்ல நிக்கணும். வேற ஒரு தொந்தரவும் இல்ல."