பொன்னாத்தாளும் களத்து லைட்டும்

என் வீட்டுக்காரர் பூபதிராஜா கொல்லங்கோட்டில் ரெண்டு போகம் நெல் விளைவிக்கிறவர். பயிர் வளர்ப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனத்தோடு கூடத்தில் மீன்தொட்டி வைத்தார்.

மண் பரப்பி, செடி நட்டு, நாலு கப்பி மீன் விட்டார். எனக்கு அந்தத் தொட்டியே பிடிக்கவில்லை. ஆனால் அதில் வயிறு பெருத்த ஆரஞ்சு மீன் ஒன்று, நான் கிட்டே போனாலே கண்ணாடியில் வந்து மூக்கை முட்டும். பொன்னாத்தாள் என்று பேர் வைத்தேன். அப்புறம் என்ன, அவளைப் பார்க்காமல் எனக்குக் காப்பி இறங்காது.

தொட்டி விற்ற பாலக்காட்டுக் கடைக்காரர் வினோ, "செடிக்குப் பன்னண்டு வாட்ஸ் லைட்டு போதுங்ண்ணா. தினம் ஆறு மணி நேரம் எரிஞ்சாப் பத்தும்" என்றார்.

இவருக்கு வந்ததே கோபம்! "மணிக்கணக்குப் பாத்தா நெல்லுக்கு வெயில் அடிக்குது? எனக்கே பயிர் சொல்லித் தர்றான்!" நெல் தூற்றும் களத்தில் மாட்டியிருந்த நூறு வாட்ஸ் ஃபோகஸ் லைட்டைக் கழற்றி வந்து தொட்டிக்கு மேல் தொங்கவிட்டார். விடிந்தது முதல் படுக்கும் வரை எரிந்தது. எனக்கு வீட்டுக்குள்ளேயே கண் கூசியது.

பத்தே நாளில் தண்ணீர் கீரைக் கடைசல் மாதிரி ஆகிவிட்டது. செடியும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை.

வேறு ஊராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். இங்கே பச்சை என்றால் பயிர் தேறிவிட்டது என்று அர்த்தம். இவர் பக்கத்து வயல்காரர் அர்த்தநாரியைக் கூட்டி வந்து காட்டினார்.

"அட, என்னமாப் பச்சை கட்டியிருக்குதுங்க மாப்பிள்ளை! யூரியா போட்டீங்களா?" என்றார் அவர்.

"ஒரு சிட்டிகை போடலீங்க. எல்லாம் லைட்டு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, உள்ள மீனு உசுரோட இருக்குதா? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

இவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு துழாவினார். ஒரு செடி வேரோடு வந்தது. மீன் தட்டுப்படவில்லை. முகம் சுண்டிவிட்டது. "எங்காச்சும் இருக்கும் புள்ள," என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வினோவுக்குப் போன் போட்டேன்.

"அது பாசிங்க்கா. லைட்டு ஜாஸ்தி. பாதித் தண்ணியை மாத்திட்டு, நாலு நாளைக்கு லைட்டே போடாமத் துணி போட்டு மூடி வைங்க."

தண்ணீரை மாற்றி, இவருடைய கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்து மூடினேன். "பயிரு வெளுத்துப் போகுமே!" என்று இவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். நானே பஸ் ஏறி, அந்தச் சின்ன லைட்டை வாங்கி வந்தேன்.

ஐந்தாம் நாள் காலை வேட்டியை எடுத்தேன். தண்ணீர் தெளிந்திருந்தது. புது லைட்டைப் போட்டேன். மற்ற மூன்று மீனும் மேலே நீந்தின. செடியடியில் பொன்னாத்தாள், வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தாள். பயத்தில் கண்ணாடியைத் தட்டினேன். மெல்லத் துடுப்பை அசைத்தாள். அவளைச் சுற்றி, எண்ண எண்ணத் தீராமல், கண்ணும் வாலுமாகக் குட்டிகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

இவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மீசையைத் தடவினார்.

"பாத்தியா? என்ற லைட்டுல என்ன விளைச்சல்! இரு, ஊரையே கூட்டிட்டு வாரேன்."

"ஆரையும் கூட்டிட்டு வர வேண்டாம்." நான் லைட்டை அணைத்தேன். "பெத்த உடம்புங்க. தூங்கட்டும்."