எட்டுப் பூச்சு

வெள்ளைக்கு எட்டுப் பூச்சு வேண்டும் என்று அவன் சொன்னது ஒரே ஒருமுறைதான். அதற்குப் பிறகு அதை மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

சொன்ன இடம் அத்தானின் கடை. மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான பொம்மை வீரர்களை விற்கிற கடை அது. சுண்டுவிரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்கள். கவசம், வாள், கொடி எல்லாம் உண்டு. வாங்குகிறவர்கள் குழந்தைகள் இல்லை. டாக்டர், வக்கீல், வங்கி மேலாளர் என்று தொப்பை வைத்தவர்கள். சாம்பல் நிறத்தில் வரும் வீரர்களைத் தாங்களே ஒட்டி, தாங்களே வர்ணம் பூசி, வாரக் கடைசியில் எதிரெதிரே உட்கார்ந்து படை நடத்துவார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்றால் ஒருமாதிரி ஒப்பேற்றிவிடுவார்கள். வெள்ளைக் கவசம் என்றால்தான் கையைப் பிசைவார்கள். கெட்டியாகப் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி திட்டுத்திட்டாக நிற்கும், வீரனின் மூக்கும் முழியும் அடைபட்டுப் போகும். நீர்த்துப் பூசினால் அடியில் இருக்கும் சாம்பல் பல்லை இளிக்கும்.

வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டு அக்கா வீட்டுக்கு அவன் வந்து சேர்ந்த புதிது. சும்மா கிடக்கிற கைக்கு ஏதாவது வேண்டும் என்று ஒரு வெள்ளை வீரனைச் செய்து கடையின் கண்ணாடி அலமாரியில் வைத்தான். வக்கீல் ஒருவர் அதை எடுத்துக் கண்ணருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை கோட்டுப்பா இது?"

பக்கத்தில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். அன்று காலை சாப்பிடும்போது, "மாப்ள, நீ வீட்ல இருக்கிறதே தெரியலை, அவ்ளோ அமைதி" என்று அவர் சொன்னது பாசமா கிண்டலா என்று அவன் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தான்.

"எட்டு," என்றான்.

வக்கீல் புருவத்தை உயர்த்தினார். அத்தானின் முகத்தில் அவன் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. மாதம் முடிவதற்குள் கடைச் சுவரில் பலகை ஏறிவிட்டது: எட்டுப் பூச்சு வெள்ளைக் கவசம், இங்கே மட்டும்.

உண்மையில் தூரிகையால் பூசிய வெள்ளை அதில் ஒரு பூச்சுகூட இல்லை. அச்சகத்தில் வெள்ளை என்று தனியாக ஒரு மை கிடையாது. காகிதம்தான் வெள்ளை, அதைச் சுற்றி நிழலைச் சரியாக விழவைத்தால் போதும், கண் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதையே அவன் இங்கே செய்தான். வீரன் மேல் இளஞ்சாம்பல் அடிப்பூச்சை ஸ்பிரே டப்பாவால் தெளிப்பான். அது காய்ந்ததும் மழை விழுவதுபோல் மேலிருந்து மட்டும் வெள்ளையைத் தெளிப்பான். தோளும் தலையும் மார்பும் வெளுக்கும்; அக்குளும் முழங்காலின் பின்புறமும் சாம்பலாகவே நிற்கும். கவசத்தின் இடுக்குகளில் மட்டும் நீலச் சாம்பல் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிடுவான். கடைசியில், அக்கா முகத்துக்குப் பவுடர் போடும் பெரிய பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு, காகிதத்தில் அநேகமாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் லேசாகத் தட்டுவான். ஒரு படை முழுவதும் ஒரு காலையில் முடிந்துவிடும்.

முடிந்ததும் அவனால் வெளியே வரமுடியாது. சிக்கலே அங்கேதான் இருந்தது. எட்டுப் பூச்சு பூசுகிறவன் மத்தியானமே கையைத் துடைத்துக்கொண்டு வருவானா?

கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறையில் அவனுக்கு மேசை போட்டிருந்தார்கள். ஜன்னல் இல்லை. தெளிப்பதற்கு மட்டும் அறையை ஒட்டி, மூன்று பக்கமும் சுவர் எழும்பிய ஓர் ஒடுக்கமான வெளி. அதன் மேலே பெட்டி மூடி அளவு வானம். அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. அவனே வாங்கிவந்து திருகினான். யாராவது எட்டிப் பார்த்து, "அட, இவ்வளவுதானா" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நடுவில் வெளியே போய்வரலாம் என்றால் அந்த வழியையும் அவனே அடைத்திருந்தான். எதையோ பேசும்போது, "வெள்ளை காயும்போது பக்கத்துலயே ஆள் இருக்கணும் அத்தான், இல்லேன்னா வெடிச்சுடும்" என்று அளந்துவிட்டிருந்தான்.

அதனால் மத்தியானத்துக்கு மேல் அவன் உட்கார்ந்திருந்தான். வரிசையாக நிற்கும் வெள்ளை வீரர்களும் அவனும். அவ்வப்போது ஹேர் டிரையரைப் போடுவான். அது உறுமினால், பூச்சு காய்கிறது என்று வெளியே புரிந்துகொள்வார்கள். கடையில் யாராவது சத்தமாகச் சிரித்தால் அக்கா அதட்டுவது கேட்கும்.

"மெதுவா பேசுங்க. உள்ள ஆறாவது கோட்டு போயிட்டிருக்கு."

அத்தானின் கிண்டலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அக்காவின் அந்தக் குரலில் இருந்த மரியாதையைத்தான் அவனால் தாங்கமுடியவில்லை. வாடிக்கையாளர்கள் அவனுக்கு 'வெள்ளைக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

முகத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் பல் கட்டுகிறவர். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்ப, செயற்கைப் பல் செய்து தரும் கூடத்தில் வேலை. ஒருநாள் அவர் அவனுடைய வீரன் ஒருவனை உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மனுஷன் பல்லு வெள்ளைன்னு நினைக்கிறீங்களா?"

"இல்லை," என்றான். "ஓரத்துல நீலம். வேர்கிட்ட மஞ்சள்."

"அப்போ எங்க இடத்துக்கு வாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளியம்மா வருவாங்க. ஒரு பல்லு பூசிக் காட்டுங்க, போதும். அன்னிக்கு வரலைன்னா வேற ஆளை எடுத்துடுவாங்க, அதையும் சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து அவன் வேறு எதையும் நினைக்கவில்லை. கண்ணாடி முன் நின்று தன் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "பல்லு வலியாடா?" என்று அக்கா கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை அத்தான் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"மாப்ள, டாக்டரோட படை. நாளைக்குக் காலையில போட்டி. ராத்திரியாச்சும் முடிஞ்சிடுமா?"

"இன்னிக்கு மத்தியானம் ஒரு இடத்துக்குப் போகணும் அத்தான்."

"எட்டுக் கோட்டை வெச்சுக்கிட்டு எங்க போவே? காயும்போது ஆள் வேணும்னு நீதானே சொன்னே." அவர் அவன் தோளைத் தட்டினார். "நாளைக்குப் போய்க்கோ. எங்க ஓடிப்போகப் போவுது?"

அத்தான் போனதும் அவன் தாழ்ப்பாளைப் போட்டான். வீரர்களைப் பிடித்துக்கொள்ள வசதியாகப் பாட்டில் மூடிகளில் ஒட்டினான், தெளித்தான், காயவைத்தான், மறுபடி தெளித்தான். அவன் கை இவ்வளவு வேகமாக ஓடி அவனே பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே படை முழுவதும் பளிச்சென்று நின்றது. முன்னால் படைத்தலைவன், வாளை மேலே தூக்கியபடி.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

எழுந்து கதவைத் திறந்தால் போதும். "முடிஞ்சுது" என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்குப் பின்னால் வரப்போவதை எல்லாம் அவன் நினைத்துப் பார்த்தான். பலகை. வக்கீலின் புருவம். ஆறாவது கோட்டு என்கிற அக்காவின் குரல். இத்தனை மத்தியானங்களும் இந்த அறையில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? சும்மா இருந்தேன் என்றா? கடையில் அத்தான் யாரிடமோ பேசுவது கேட்டது. பழக்க தோஷத்தில் ஹேர் டிரையரைப் போட்டு, மேசைமேல் சாய்த்துவைத்தான். அது உறுமிக்கொண்டே இருந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் சூடேறும் வாசனை மூக்கில் ஏறியதும்தான் திரும்பிப் பார்த்தான். டிரையரின் வாய்க்கு நேரே நின்ற படைத்தலைவனின் வாள் வாடிய தண்டுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. வாள் பிடித்த கையும் தோளோடு சரிந்திருந்தது.

காயவைக்க அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் சத்தத்துக்காக வைத்த காற்று.

அதைச் சரிசெய்ய அவனுக்குத் தெரியும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நொடி முக்கி நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் வைத்தால் நின்றுவிடும். ஆனால் அறையில் வெந்நீர் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

அவன் தாழ்ப்பாளை நீக்கினான்.

"அக்கா, கொஞ்சம் வெந்நீர் வேணும்."

அக்கா கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். அந்த அறைக்குள் அவள் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. முதலில் வீரர்களைப் பார்த்தாள். பிறகு அவனை. பிறகு மேசையில் கிடந்த பிரஷ்ஷை எடுத்தாள்.

"இது என்னோடது தானே? தொலைஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்."

அவன் கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தான்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

"எட்டும்?"

அவன் வாளை வெந்நீரில் முக்கினான். நிமிர்த்தினான். வாள் நேரானது, தோளில் மட்டும் வெள்ளை விரிசல் விட்டு உள்ளே இருந்த பிளாஸ்டிக் தெரிந்தது. அக்கா வாசலைப் பார்த்தாள். அத்தான் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"எட்டு இல்லைக்கா. அது சும்மா சொன்னது."

அவன் படைத்தலைவனை அந்த ஒடுக்கமான வெளிக்கு எடுத்துப்போய், விரிசலை உரசி, சாம்பலைத் தெளித்தான். டிரையரால் காயவைத்தான், இந்தமுறை காயவைக்க ஒன்று இருந்தது. மேலிருந்து வெள்ளையைத் தெளித்தான். இடுக்கில் சாயத்தை ஓடவிட்டான். அக்கா கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி விளிம்பில் தட்டினான். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். வந்தது சிரிப்பு.

"அடப்பாவி. இவ்வளவுதானா? அப்போ ஒரு காலையில ஒரு படை." அவர் முகம் மலர்ந்தது. "மத்தியானம் இன்னொண்ணு முடிச்சிடலாமே. அந்த வங்கிக்காரரோட பெட்டி வேற தூங்குது. இரு, எடுத்துட்டு வர்றேன்."

இத்தனை நாள் பூட்டி வைத்திருந்ததைத் திறந்தால் உள்ளே இன்னொரு அறைதான் இருந்தது.

டாக்டரின் பெட்டியில் ஒரு வீரன் உபரியாகக் கிடந்தான். அவன் அதை மூடியில் ஒட்டி, ஸ்பிரே டப்பாவோடு அத்தான் கையில் வைத்தான்.

"நீங்க பண்ணுங்க."

"நானா? எனக்குக் கோடு போடவே வராது."

"கோடு போட வேண்டாம். ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு மேலேருந்து அடிங்க. நிறுத்தாம கையை நகர்த்துங்க."

அத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு தெளித்தார். சாயம் கொஞ்சம் அதிகம் ஓடியது. பிரஷ்ஷால் தட்டச் சொன்னதும் செல்லப் பிராணியைத் தடவுவதுபோல் தடவினார். முடிந்ததும் அதை அவனுடைய படையின் ஓரத்தில் வைத்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது. ஒரு கை தள்ளி நின்றால் தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிற எதிராளிக்குத் தெரியவே தெரியாது.

அத்தான் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, குத்தலாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவரைப்போலக் கேட்டார்.

"அப்போ நீ எதுக்கு மாப்ள?"

அக்கா சட்டென்று, "என்னங்க பேச்சு இது," என்றாள்.

அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். அது வராமல் இருக்கத்தான் தாழ்ப்பாள், அதற்காகத்தான் டிரையர், அத்தனை மத்தியானங்கள். வந்துவிட்டது. அறை அப்படியே இருந்தது. வீரர்கள் அப்படியே நின்றார்கள். அவன் அந்தக் கேள்வியைக் கொஞ்சநேரம் உள்ளே வைத்துப் பார்த்தான். வலித்தது. ஆனால் பதில் ஒன்றும் தேவைப்படவில்லை.

"அதான் அத்தான், ஒரு இடத்துக்குப் போகணும்னு சொன்னேனே."

அவன் குழாயடியில் கை கழுவினான். நகக்கண்ணில் இருந்த வெள்ளை போகவில்லை. நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு அவன் வந்தபோது அத்தான் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பலகையை எடுத்துடட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார் அத்தான், தலையைத் தூக்காமல்.

"சாப்பிட்டுட்டுப் போடா."

"வந்து சாப்பிடறேன்க்கா."

கடை வாசல் மணி அடித்தது. டாக்டர் உள்ளே வந்தார். அவன் பின்னால் அறைக்கதவு அவசரமாகச் சாத்தப்படுவதும், தாழ்ப்பாள் விழுவதும் கேட்டன. ஒரு நொடி கழித்து ஹேர் டிரையர் உறுமத் தொடங்கியது.

டாக்டர் அவனுக்கு ஒதுங்கி வழிவிட்டார். யாரோ பொம்மை வாங்க வந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். அக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வெள்ளைக்காரர் இருக்காரா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"உள்ளதான் இருக்கார்," என்றாள் அக்கா. "தொந்தரவு பண்ண வேண்டாம். எட்டாவது கோட்டு."

அவன் தெருவில் இறங்கினான். வெயிலில் கண் கூசியது. எதிர்ப்புறச் சுவர் ஒரே வெள்ளையாக இருந்தது. உற்றுப் பார்த்தபோது அதில் நீலமும் மஞ்சளும் தெரிந்தன. நேரமாகிவிட்டதா என்று யாரையும் கேட்காமல் நடக்கத் தொடங்கினான்.