தலைவர் வீட்டு வெயில்

ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளிலிருந்து தொழிற்சங்கத் தலைவர் வீட்டில் மட்டும் பொழுது இரண்டு மணி நேரம் தாமதமாகச் சாய்ந்தது. தெரு முழுக்க ஆறரைக்கு இருட்டியது. அவர் வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் எட்டரை வரை மஞ்சள் வெயில் அடித்தது. மின்சார அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள், இது தங்கள் இலாகா இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ரொட்டித் தொழிற்சாலையின் பாக்கிங் மேசையில் நின்றவள் தலைவரின் கூடப்பிறந்த தங்கை. கணவன் இல்லை, ஏழு வயதில் ஒரு மகள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்பது பழைய ஒப்பந்தம். அதற்குப் பயந்தே கம்பெனி ஐந்து மணிக்குச் சங்கு ஊதிவிடும். ஐந்தரைக்கெல்லாம் அவள் மகளின் தலையை மடியில் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பாள். புதிய ஒப்பந்தத்தில் தலைவர் சாப்பாட்டு நேரத்தில் முதல் பக்கத்தை மட்டும் வாசித்தார். அதில் சம்பள உயர்வு இருந்தது. மிச்சமெல்லாம் வழக்கமானதுதான் என்றார். அண்ணன் சொன்னபிறகு அப்பீல் ஏது என்று முதலில் கை தூக்கியவள் அவள்தான். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தூக்கினார்கள். நாலாம் பக்கத்தில், அடுப்பில் ஏற்றிய ரொட்டி ஆறிப் பொட்டலமாகும்வரை ஷிஃப்ட் முடிந்ததாகாது, ஓவர்டைமும் கிடையாது என்று இருந்தது. அன்றுமுதல் கம்பெனி கடைசி மாவை ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏற்றியது. அவள் மேசையை விட்டு நகர ஏழு மணியானது.

பள்ளிக்கூடம் விட்டதும் மகள் மாமா வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். அந்த வெயிலில் அவள் சைக்கிள் விடக் கற்றாள், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள், இரண்டு பல் விழுந்து முளைத்தன. எதையும் தாய் பார்க்கவில்லை. ஒருநாள் மகளை அழைத்துப்போக வந்தவள் வாசற்கதவருகே நின்றுவிட்டாள். வெயிலில் சூடான ரொட்டி வாசம் அடித்தது. முப்பது நாளும் மூக்கில் ஏறிய வாசம், தப்பாது.

"இது எங்க நேரம்தானேண்ணா?"

சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்திருந்த தலைவர் மறுக்கவில்லை. "உன் பொண்ணுதானே விளையாடுறா, வேற யாரோவா?"

"அவகூட விளையாட வேண்டியவ நானு."

"படிச்சுப் பாத்துட்டுக் கை தூக்கியிருக்கணும்மா."

முதலாளி ஏமாற்றியிருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். மகள் எதிரில், மகளுக்குப் பிடித்த மாமனை என்னவென்று திட்டுவது?

மூன்று வருடம் கழித்து ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தபோது அவள் நாலு பக்கமும் படித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஒருத்திதான். சம்பளம் மறுபடி கொஞ்சம் ஏறியது, வெயில் ஒன்பதரை வரை நீண்டது. கூப்பிட்டால் மகள், "நீ போம்மா, நான் மாமாகூட வரேன்" என்கிறாள். இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் தாய் தன் யூனிஃபார்மைத் துவைத்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சுவரில் விரிக்கிறாள். ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது.