எட்டேகால் பஸ்ஸில் போன நாவல்

“ஏனுங்ணா, பைண்டிங் போடத்தானே குடுத்தேன்? பரீட்சைப் பேப்பராட்டம் திருத்தி வெச்சிருக்கீங்க!”

“அல்லா மேல ஆணையா நானில்ல கண்ணு!”

ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் அன்வரின் ஜெராக்ஸ் கடை முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் வெற்றிலை வாங்க வந்தவள். வாங்கிய பிறகும் நின்றேன். கத்தியது எங்கள் ஊர் கொட்டச்சேட்டுச் சிவரஞ்சனி. எஸ்டேட் ஆபீஸில் டைப் அடிக்கிறவள், வீட்டில் கையால் ஒரு நாவல் எழுதியிருக்கிறாளாம். வெள்ளிக்கிழமைக்குள் சென்னைப் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். அதற்குள் யாரோ ஓரமெல்லாம் பென்சிலால் எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

“கதைய ஊரெல்லாம் பரப்பிட்டா அப்புறம் புக்க யாருங்ணா வாங்குவாங்க?”

அன்வர் ஒரு பக்கத்தை எடுத்துச் சத்தமாகவே படித்தார். “‘கோடை விழா அன்னைக்கு மல்லிகா காப்பிப் பழம் பறிக்கிறா. மே மாசத்துல ஏதுங்க பழம்?’”

கூட்டம் சிரித்தது. சிவரஞ்சனியும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள், நான் பார்த்தேன்.

“‘ஹீரோ நாலு பக்கத்துக்கு அழுவுறான். துண்டு நனைஞ்சு போச்சு, எந்திரிக்கச் சொல்லுங்க.’”

அவள் ஒவ்வொரு முகமாகச் சந்தேகத்தோடு பார்த்தாள். என்னைச் சற்று அதிகமாகவே பார்த்தாள்.

“‘கொட்டச்சேட்டுல ஏழரைக்குப் பஸ் ஏறுறான். எட்டேகாலுக்கு முன்னால பஸ்ஸே இல்லீங்க.’”

அவ்வளவுதான், பிடிபட்டது. நாவல் கட்டை அன்வரிடம் சேர்க்கச் சொல்லி திங்கட்கிழமை கண்டக்டர் தனபாலிடம்தான் கொடுத்தாளாம். அன்வர் கைக்கு வந்ததோ புதன்கிழமை.

பஸ் வந்து நின்றது. தனபால் இறங்குவதற்குள் மறித்தாள்.

“யார் யாருகிட்டச் சொன்னீங்க?”

“ஒருத்தருகிட்டயும் இல்லீங்க. டிரைவர் முடிவு கேட்டாரு. புக்கு வந்தா வாங்கிப் படிங்கன்னுட்டேன். நொம்ப நல்லாருந்துச்சுங்க.”

அவள் நம்பவில்லை. இரண்டு நாள் பஸ்ஸில் இருந்த சேதி வெளியே வராமல் இருக்குமா? நானும் நம்பவில்லை.

அன்வரிடம் அழிப்பான் வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினாள். நான் அவளுக்குப் பின் சீட். முதலில் கதையைத் திருத்தினாள், பிறகுதான் பென்சிலை அழித்தாள். காப்பிப் பழம் டிசம்பருக்குப் போனது. கடைசிப் பக்கத்தில் ஒரு பென்சில் வரியை மட்டும் அழிக்கவில்லை. என் கண்ணாடிக்கு அது எட்டவில்லை.

அடுத்த வருஷம் நாவல் வந்தது. பதிப்பகத்திலேயே வேலை கிடைத்து அவள் சென்னைக்குக் குடிபோனாள். தனபால் செம்மநத்தத்து லட்சுமியைக் கட்டிக்கொண்டான். இன்னமும் சென்னையிலிருந்து அவள் எழுதும் கதைக் கட்டு அவனுக்கு வருகிறது. இதை லட்சுமி காதில் போடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, திரும்பிப் போகும் கட்டை ஜெராக்ஸ் எடுக்கிற அன்வர் சொன்னார்: இப்போதெல்லாம் ஓரத்தில் இரண்டு கையெழுத்தாம். லட்சுமியுடையது பச்சை மையில்.