பார்ட்ஸ் வரணும்

அமரர் ஊர்தி பின்பக்கமாக கேட்டுக்குள் நுழைந்து பாதியிலேயே நின்றுவிட்டது. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட மயிலாப்பூர் தெருவில் அது நிற்க இடமில்லை. உள்ளே வந்தால்தான் உண்டு. ஃப்ளாட்டில் இருப்பவர்கள் கேட்காமலே அவரவர் வண்டியை வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். வழியை அடைத்துக்கொண்டு நின்றது ஒரே வண்டிதான். அது யாரை ஏற்றிக்கொண்டு போக ஊர்தி வந்ததோ அந்தக் கல்யாணராமனுடையது.

சாவி கேட்டு எதிர் ஃப்ளாட் வேதாந்தம் மேலே வந்தார். வாய்க்கரிசி போட்டாகிவிட்டது. பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வேம்பு, கணவரின் முகத்தையே பார்த்தாள். இப்போது என்ன சொல்லட்டும் என்று அவரையே கேட்க வேண்டும்போல் இருந்தது. பொய்யைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வது அவருக்குச் சுலபம், அதைக் கட்டிக் காப்பது அவள் தலையெழுத்து.

காலையில்தான் ஸ்ரீநாத் கேட்டான். அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கி, அப்பாவைப் பார்த்து அழுது ஓய்ந்து, கூடம் நிறைய உறவு உட்கார்ந்திருக்கும்போது கேட்டான்.

"கீழ அவ்வளவு பெரிய வண்டி நிக்கறது. ஓட்டறதுக்கு வாட்ச்மேன் இருக்கான். ஏம்மா அப்பாவை ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போனே?"

"பதட்டத்துல சாவி கிடைக்கல்லைடா."

அவன் அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவசரத்துக்கு ஒரு சாவி கிடைக்காத அந்த வீட்டைச் சுற்றுமுற்றும் பார்த்தாள். புருஷனைக் கோட்டை விட்டவள் என்று அந்தப் பார்வையிலேயே எழுதி ஒட்டியாயிற்று.

வண்டியை வாங்கச் சொன்னதே ஸ்ரீநாத்தான். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி வண்டிதான் நம்பர் ஒன்னாம், வருஷக்கணக்கில் பானெட்டைத் திறக்கவே வேண்டாமாம். பிள்ளை சொன்னால் கல்யாணராமனுக்கு வேதவாக்கு. அங்கே அது மெய்யாகவே இருக்கலாம். இங்கே கம்பெனிக்காரன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். வண்டி வாங்கிய தி.நகர் ஷோரூமில் இப்போது கல்யாணப் பட்டு விற்கிறார்கள்.

அதற்கப்புறம் சைதாப்பேட்டை மெக்கானிக் ஃபராஸ்தான் கதி. பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் அவர் ஒரே பல்லவி பாடுவார். "நல்ல வண்டிதான் சார். பார்ட்ஸ் வரணும்." எங்கிருந்தோ ஒன்று வந்து சேர்வதற்குள் இன்னொன்று போய்விடும். வேதாந்தத்தின் சின்னக் காருக்குத் தெருமுனையிலேயே சாமான் கிடைத்தது. கல்யாணராமன் அதைத் தகர டப்பா என்பார். யானையை வாங்கினவர் தீனியை யோசிக்கவில்லை. வேம்புவின் வளையல்கள் கியர்பாக்ஸுக்குள் போயின. நெஞ்சு வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனையை, முதலில் இந்த வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். பிள்ளை போனில் கேட்டால் மட்டும், "ஃபர்ஸ்ட் கிளாஸா ஓடறதுடா!" போனை வைத்ததும் அவள் பக்கம் திரும்புவார். "அவன்கிட்ட சொல்லிடாதே. குழந்தை மனசு கஷ்டப்படும்."

அவளுக்கும் ஒரு மனசு இருந்தது. அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டாம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

முந்தாநாள் விடியற்காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, வேதாந்தத்தைக் கூப்பிடக் கதவு வரைக்கும் போய்விட்டாள். "அந்தத் தகர டப்பாவுலயா? வேண்டாம்" என்றார். அவர் தெளிவாகப் பேசின கடைசி வார்த்தை அதுதான். தெருக்கோடிக்கு ஓடி அவள் ஆட்டோ பிடித்து வந்தாள். லஸ் கார்னர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மாமி, சாவி?" என்றார் வேதாந்தம் மறுபடியும்.

வேம்பு கையை நீட்டிக் காட்டினாள். வாசற்கதவுக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் தோளில் இடிக்கிற உயரத்தில், எப்போதும் மாட்டியிருக்கிற ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. ஈர வேஷ்டியோடு நின்ற ஸ்ரீநாத் சாவியைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

கீழே வாட்ச்மேன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டி இருமக்கூட இல்லை. கியர் பூட்டிக்கொண்டிருந்ததால், ஆட்கள் சேர்ந்து தள்ளியும் அசைந்து கொடுக்கவில்லை. ராகு காலம் வந்துவிடும் என்று சாஸ்திரிகள் மேலே குரல் கொடுத்தார். வேம்பு எழுந்தாள். அத்தை தடுத்ததைக் காதில் வாங்காமல் படியிறங்கினாள். ஸ்ரீநாத்தும் பின்னாலேயே வந்தான்.

டிரைவர் சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, கியர் பக்கத்தில் இருந்த சின்ன மூடியை நெம்பினாள். அந்தத் துவாரத்தில் சாவியை விட்டு அழுத்திக்கொண்டே கியரை இழுத்தாள். கடக்கென்று விடுபட்டது. 'வேம்பு, ஹேர்பின் கொடு' என்று அவர் கை நீட்டாத வாரம் கிடையாது. பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம்.

ஸ்ரீநாத் ஜன்னலருகே குனிந்தான். மடி போய்விடும் என்று வண்டியைத் தொடவில்லை.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"பார்ட்ஸ் வரணும்" என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வந்தான். சாஸ்திரிகள் மறுபடியும் கூப்பிடவே, போய்விட்டான்.

ஆட்கள் தள்ள, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, வண்டி உருண்டு பின்சுவரை முட்டினாற்போல் நின்றது. தள்ளியவர்கள் தோள் கொடுக்க ஓடினார்கள். அவளை இறங்கச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை.

பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியில் மூன்றாவது மாடியில் காய்கிற துணிதான் தெரிந்தது. அது அவர் உயரத்துக்கு வைத்த கண்ணாடி. அதைத் திருப்பக் கையைத் தூக்கியவள் மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பற்றி, சீட்டிலிருந்து எம்பி, அவர் உயரத்துக்கு வந்து பார்த்தாள். பாடையை வேனுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நெருப்புச் சட்டியோடு ஏறப்போன ஸ்ரீநாத் ஒரு கணம் இந்தப் பக்கம் திரும்பி நின்றான். பிறகு ஏறினான்.

டிரைவர் சாவியைத் திருப்பினான். வேன் ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பியது.